தொடும் வரைக்கும்

யாரோ சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்கால் சிராய்ந்து, காயத்தின் ஓரத்தில் ஒரு தோல் செல் தன்னந்தனியாக நின்றது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் தார்ச்சாலையோடு தேய்ந்து போயிருந்தார்கள்.

தோலில் ஒரு வழக்கம் உண்டு. காலியிடம் இருந்தால் இரண்டாகப் பிரிய வேண்டும். பக்கத்து ஆள் மேலே பட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

ஓரத்துச் செல் பிரிந்தது, திரும்பவும் பிரிந்தது. வந்ததெல்லாம் தானேதான், துணைக்கு ஆகுமா? காயத்தின் எதிர்க்கரையிலிருந்தும் செல்கள் பெருகி வந்தன. நாலாம் நாள் பள்ளம் மூடியது. எல்லாரும் நிறுத்தினார்கள். இது மட்டும் நிறுத்தவில்லை.

"போதும்ப்பா, இடம் நிரம்பிடுச்சு," என்றது எதிர்க்கரைச் செல்.

"என்னை இன்னும் யாரும் தொடலையே!"

மறுபடி பிரிந்தது. நெரிசலில் எதிர்க்கரைச் செல்லுக்கு மூச்சு முட்டியது.

"பக்கத்துல யாராவது இருக்கீங்களா?" என்று ஓரத்துச் செல் கெஞ்சியது. "லேசா மேலே பட்டாக்கூடப் போதும், நிறுத்திடுவேன்."

நசுங்கிய குரலில் பதில் வந்தது: "இடம் நிரம்பின அன்னிக்கே உன்னைக் கட்டிப் பிடிச்சேன்ப்பா. இன்னும் விடலை."

குரல் வந்த பக்கம் அது ஆசையாகத் திரும்பிப் பார்த்தது. மேலே எதுவும் பட்டதாக அதற்கு உறைக்கவே இல்லை. பிறகு, துணைக்கு ஆள் வேண்டி, இன்னொரு தடவை பிரிந்தது.