சிமெண்டில் ஒரு பாதம்

கூவத்தோரம் தோண்டிய குழியில் சிமெண்டுத் தரை வெளிப்பட்டது. அதில் ஒரு குழந்தையின் பாதம் பதிந்திருந்தது. தொல்லியலாளர் யூனிஸ் தன் அம்மாவை அழைத்துவந்தாள். எப்போதோ இடிக்கப்பட்ட அவர்கள் வீடு அது.

"உங்க அக்கா ஸ்டெல்லா காலுடி! ஈரத் தரையில ஓடிட்டு அப்பங்கிட்ட அடி வாங்குனா."

யூனிஸ் பிறக்குமுன்பே காய்ச்சலில் இறந்தவள் ஸ்டெல்லா. ஒரு படம்கூட இல்லை.

"அவ பேரை எழுதிடு."

"புது விதிம்மா. உயிரோட இருக்கறவங்க சொல்றது செல்லாது. மண்ணுல கெடைக்கறதுதான் சாட்சி."

"அப்ப நான் மண்ணுக்குள்ள போயிட்டு வந்து சொல்றேன்."

யூனிஸ் கையிலிருந்த பதிவுக் கருவியில் எழுதினாள்: குழந்தை, பெயர் தெரியவில்லை.

"இவ்விடத்தோடு உங்களுக்கு உறவு உண்டா?" என்றது கருவி.

உறவுள்ளவர்கள் தோண்டக் கூடாது என்பதும் விதி; உண்டு என்றால் யூனிஸை இனி வேலியைத் தாண்டி வரவிட மாட்டார்கள்.

"இல்லை," என்றாள்.

அம்மா முந்தானையால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.