இரண்டு சப்பாத்தி

மகள் ஹர்ஷிணிக்கு வயிறு கெட்டபோதெல்லாம், லேசான ஆகாரமென்று ரஸ்க்கைப் பாலில் நனைத்து ஊட்டியவள்தான் பரிமளா. “கோதுமைதான் ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கு; ரஸ்க்கும் கோதுமைதானே. ஆனா குடல் டெஸ்ட் முடியிற வரைக்கும் நிறுத்திடாதீங்க, நிறுத்தினா நோய் தெரியாமப் போயிடும். தினம் ரெண்டு சப்பாத்தி கண்டிப்பா குடுங்க” என்று சொல்லிவிட்டார் டாக்டர். டெஸ்ட்டுக்கு அடுத்த மாதம்தான் தேதி கிடைத்தது.

தட்டைப் பார்த்ததுமே ஹர்ஷிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. முதல் சப்பாத்தியைத் தின்று முடித்தாள். இரண்டாவதைப் பிய்த்து, பாதியை அம்மாவிடம் நீட்டினாள்.

“இத நீ சாப்பிடும்மா. எனக்குப் பாதி வலி போதும்.”

பரிமளா வாங்கிக்கொண்டாள். அதைச் சிறு துண்டாகக் கிள்ளி, சர்க்கரையில் தொட்டு, “ஆ காட்டு” என்றாள்.