பதினேழாம் எண் செல்கள்

நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தபோது என் கன்னம் நனைந்திருந்தது.

செல்களின் உட்கருவெல்லாம் இருட்டு. பச்சை ஒளி வெளியே நின்றுவிட்டது.

நான்கு வருஷமாக நான் காத்திருந்தது இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

மார்பகப் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. 'வளரு' என்ற கட்டளையைச் சுமந்துகொண்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்பிவிடும் புரதம், ஒரு தூதன், எல்லாச் செல்களிலும் உண்டு. அதை வாசலிலேயே மறித்து நிறுத்தும் காவல் புரதம் ஒன்றும் உண்டு. இந்தச் செல்களில் அந்தக் காவல் இல்லை. தூதன் கேட்பாரில்லாமல் உள்ளே போனது. செல்கள் ஓயாமல் பெருகின.

தூதனுக்குப் பச்சையாக ஒளிரும் வால் ஒன்றைக் கட்டிவிட்டு, தொலைந்துபோன காவலை மறுபடி உள்ளே வைத்துப் பார்த்தேன். பதினோரு முறை தோற்றேன். இன்று மதியம், பன்னிரண்டாவது முறை, தூதன் வாசலில் நின்றது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பேராசிரியர் ஊரில் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பக்கத்து அறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. பெரியக்கா.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும், பேராசிரியருக்கும்கூட, அவர் பெரியக்காதான். வேலை முடிந்த செல்களைப் பிளீச் ஊற்றிக் கொல்வதும், புட்டிகளைக் கழுவிக் காயவைப்பதும் அவர் பொறுப்பு. நான் பட்டம் வாங்குமுன்பே என்னை டாக்டராக்கியவர். தினமும் காலையில் வந்ததும், "பதினேழு எப்படி இருக்கு டாக்டரு?" என்பார். பதினேழு என்பது என் செல்களின் எண். மற்றவர்களின் எண்களை அவர் விசாரித்ததில்லை. என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பெரியக்கா, ஓடி வாங்க. ஒண்ணு காட்டறேன்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவரை இதில் பார்க்கச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாய் ஓயாமல் தூதன், காவல், வாசல் என்று அளந்துகொண்டிருந்தேன்.

"இனிமே வளராதா?"

"வளராது பெரியக்கா. நின்னுடுச்சு."

"இத ஆளுங்களுக்குப் போட முடியுமா?"

அவர் தோளில் கை வைத்தேன்.

"இப்ப முடியாது. தட்டுல இருக்கற செல்லுக்குள்ள வைக்கலாம். உடம்புக்குள்ள ஒவ்வொரு செல்லையும் தேடிப் போய் வைக்க இன்னும் வழி தெரியல."

"எப்பத் தெரியும்?"

"பத்து வருஷம் ஆகலாம். தெரியாமயும் போகலாம்."

தலையாட்டினார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்லேந்து ஐஸ் பெட்டிய நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றார். "அன்னிக்கு வந்தது ஒரே பெட்டி. அது மேல பதினேழுன்னு ஒட்டினாங்க. எம்பொண்ணே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா. யாருக்காவது உதவட்டும்மான்னா."

எங்களுக்கு நோயாளியின் பெயர் வராது. எண்தான் வரும். அதுதான் விதி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் பதினைந்து நாள் விடுப்பில் போனதும், மகள் இறந்துவிட்டதாக யாரோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்குப் பரிசோதனை கெட்டுப்போயிருந்த நேரம். அவர் திரும்பி வந்த அன்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னேன். என்ன நோய் என்று கேட்கவில்லை.

இந்தப் புரதத்தைப் பற்றி மூன்று மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுவேன். அவர் தோளில் வைத்திருந்த கையை எடுப்பதா விடுவதா என்று மட்டும் தெரியவில்லை.

அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அழவில்லை.

சாப்பிடப் போனவர்களின் பேச்சுச் சத்தம் படிக்கட்டில் கேட்டதும் எழுந்தார். சேலையை இழுத்துச் செருகினார்.

"படமெல்லாம் எடுத்துட்டியா டாக்டரு?"

"எடுத்துட்டேன்."

வெளியே எடுத்து இவ்வளவு நேரமான தட்டைத் திரும்ப வளர்ப்புப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அது எனக்குத் தெரிந்த மாதிரியே அவருக்கும் தெரியும். கையுறையை மாட்டிக்கொண்டு தட்டுக்காகக் கையை நீட்டினார்.

நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் பெரியக்கா. இன்னிக்கு பிளீச் நானே ஊத்திக்கறேன்."

என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தட்டை வாங்கிக்கொண்டார்.

"எதுக்கு? நாலு வருஷமா நான்தானே ஊத்தறேன்."