தோசைக்கல் சொன்னது

மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பிய அமிர்தவல்லி, முதல் வேலையாகத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் தெளித்ததும் கல் சரியாகத்தான் சீறியது. பாதி வெங்காயத்தால் எண்ணெயைத் தேய்த்து மாவை ஊற்றினாள். திருப்பப் போனால் தோசை எழும்பவில்லை. சுரண்டியதில் கந்தலாகக் கிழிந்து வந்தது. அடுத்ததும் அப்படியே. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வராது என்றுதான் அந்தக் கல்லை அவள் யாருக்கும் இரவல் கொடுத்ததே இல்லை.

"இதுல யாரு சப்பாத்தி போட்டது?"

சாப்பிட உட்கார்ந்திருந்த கணவர் வைகுண்டம் வெறும் தட்டைப் பார்த்தார். "யாரு போடுவா? நான் ஒருத்தன்தான இருந்தேன்."

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. மூன்று வேளையும் தோசை கொடுத்தாலும் சீனி தொட்டுத் தின்கிற மனுஷன். சப்பாத்தியைக் கண்டாலே சீக்காளி சாப்பாடு என்று முகத்தைச் சுளிப்பவர். சட்டென்று அவள் கை நின்றது. அவர் பக்கத்தில் வழக்கம்போல அவள் வைத்த சீனி டப்பா, திறக்காமல் அப்படியே இருந்தது.

"எப்பலேர்ந்து சுகர்?"

"நீ போன மறுவாரம் பாத்தாங்க. பேரனப் பாக்கப் போனவள எதுக்குப் பயமுறுத்தணும்னு..."

அவள் கிழிந்த தோசைகளைத் தன் தட்டில் வாரிப் போட்டுக்கொண்டாள். கோதுமை மாவை எடுத்துப் பிசைந்தாள்.

"கல்லு கெட்டுரும்டி."

"அதான் கெடுத்தாச்சே. வட்டமாவாவது வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல," என்றார்.