பழைய குரல் வேண்டும்

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது அந்த சினிமா நடிகரின் குரல்தான்.

கோவளம் மாதா கோயிலுக்குப் பின்னால் சின்ன வீடு. உள்ளே டிவியில் 'கரைதொடு' வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர் பெஞ்சமின்.

முதல் பாகத்தில் வயதான மாலுமிக்குக் குரல் கொடுத்தவர். மூன்று வாரமாக நான் யாருக்காக ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனோ, அவர்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லித் தரையைத் தட்டினார். அவர் மனைவி ஜெசிந்தா மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

முதல் பாகம் வந்த வருடம் எனக்கு வேலை போயிருந்தது. உடன் தங்கியிருந்தவர்கள் ஊருக்குப் போய்விட, படூரில் அந்த ஃபிளாட்டில் ஐந்து மாதம் தனியாகக் கிடந்தேன். வீட்டில் வேலை போனதைச் சொல்லவில்லை. பகல் முழுக்க விளையாட்டில் படகு ஓட்டினேன். எத்தனை தடவை கவிழ்த்தாலும் மாலுமி திட்டமாட்டார்.

"போனா போவுது நைனா. எந்திரி."

அதே தணிந்த குரல், அவசரமே இல்லாமல். சில நாள் அதைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று படகைப் பாறையில் மோதியிருக்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் அதே மாலுமி. குரல் மட்டும் ஒரு பெரிய நடிகருடையது.

பள்ளி நாட்களில் அவர் படத்தின் முதல் காட்சிக்கு, பை நிறையக் காகிதம் கிழித்துக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டவன் நான். விளம்பரத்தில் அவர் குரல் வந்தபோது எனக்குச் சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் நாலு பேரிடம் போட்டுக்கூடக் காட்டினேன்.

ஆனால் படகு முதல் தடவை கவிழ்ந்தபோது அவர் முழங்கினார்: "எழுந்திரு! கடல் உன்னைத்தான் பார்க்குது!"

நான் ஆட்டத்தை அணைத்துவிட்டேன்.

அன்றைக்கே 'பழைய குரல் வேண்டும்' என்று இணையத்தில் கையெழுத்து வாங்கத் தொடங்கினேன். எட்டாயிரம் பேர் போட்டார்கள். முதல் பாகத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் பெஞ்சமினைப் பிடித்து, கோவளத்தில் திருவிழாவுக்கு மைக் பிடிப்பவர் அவர்தான் என்று விசாரித்து, எண்ணையும் வாங்கிவிட்டேன். எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்க தம்பி.

வந்துவிட்டேன்.

டிவியில் அவருடைய படகு கவிழ்ந்தது. நடிகர் முழங்கினார். பெஞ்சமினின் உதடுகளும் அசைந்தன. நடிகரின் வசனம் இல்லை அது. வேறு எதுவோ.

எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்த கேக்காமத் தூக்கிட்டாங்களாண்ணே உங்கள? மூஞ்சி தெரிஞ்ச ஆள் வேணும்னுதானே? நாங்க விடப் போறதில்ல. நீங்க ஒரே ஒரு வீடியோல பேசிக் குடுங்க, போதும்."

பெஞ்சமின் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"தொண்டையில கட்டி, தம்பி" என்றார் ஜெசிந்தா. "பொங்கலுக்கு முன்ன ஆபரேசன் பண்ணி குரலயே எடுத்துட்டாங்க. கம்பெனிக்காரங்க வூட்டுக்கு வந்து, யாரப் பேச வெக்கறதுன்னு இவரத்தான் கேட்டாங்க. இவருதான் அந்த ஹீரோ பேர எழுதிக் குடுத்தாரு. தனக்கு இப்பிடி ஆனத வெளிய சொல்லக் கூடாதுன்னும் எழுதிக் குடுத்தாரு."

அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். வியர்வைக்காகக் கட்டியிருக்கிறார் என்று நான் நினைத்த வெள்ளைத் துணி, அவர் மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல மேலெழுந்து அடங்கியது.

ஏன் என்று கையால்தான் கேட்டேன்.

பெஞ்சமின் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பினார்.

'வேற யாராவது பேசுனா பழைய ஆள் எங்கன்னு கேப்பாங்க. அவரு பேசுனா யாரும் தேட மாட்டாங்க.'

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மனிதர் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் பார்த்திருக்கிறார். நான் எட்டாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் கதவைத் தட்டியிருக்கிறேன்.

"மன்னிச்சிருங்கண்ணே. இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவர் கை நீட்டினார். கொடுத்தேன்.

ஒவ்வொரு பெயராக விரலால் நகர்த்திப் படிக்க ஆரம்பித்தார். மதுராந்தகத்தில் ஒருவர், இந்தக் குரல் இல்லாவிட்டால் ஆட்டமே வேண்டாம் என்று எழுதியிருந்தார். கத்தாரிலிருந்து ஒரு நர்ஸ், அப்பா இறந்த வாரம் முழுக்க இதைத்தான் காதில் போட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாள். ஒரு கல்லூரிப் பெண், மாலுமித் தாத்தா நல்லா இருக்காரா என்று மட்டும் கேட்டிருந்தாள்.

அந்த இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது.

ஜெசிந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

பெஞ்சமின் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். நான் அழிக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் பிடித்தபடியே இன்னொரு கையால் நோட்டில் கோணலாக எழுதினார்.

'இருக்கட்டும் தம்பி. கொஞ்ச நாளைக்கு.'