கருப்பசாமி பிடித்த நிழல்

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஊருக்கு வெளியே பொட்டலில் இருக்கும் கருப்பசாமி கோயிலில், சன்னாசி உச்சிவெயிலில் மணியைத் திருடக் கழற்றிக்கொண்டிருந்தான். குதிரைமேல் இருந்த கருப்பசாமி மீசையைத் தடவியபடி, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். சன்னாசி மணியோடு ஓடியே போய்விட்டான்.

வீட்டில் அவன் மனைவி பேச்சி மணியைத் தொடாமலே கேட்டாள்.

"சாமி கண்ணப் பிடுங்கலையா?"

"சாப்பிட்டியான்னு கேட்டுச்சுடி."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கல. ஏன்னுதான் தெரியல."

"அப்ப நீயே போய்க் கேளு. திட்டாத சாமிகிட்ட எடுத்தது நமக்குச் செரிக்காது."

சாமி அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று மணியை அன்றைக்கே விற்றிருப்பான். இப்போது சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் மணியைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே கட்டினான். "தப்புத்தான் சாமி. ரெண்டு அடியாவது போடு" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அடி விழவில்லை. வெயில்தான் முதுகில் குறைந்தது. திரும்பிப் பார்த்தால், கருப்பசாமி குதிரையைவிட்டு இறங்கி, தன் மேல்துண்டை இரண்டு கையாலும் அவன் தலைக்குமேல் விரித்துப் பிடித்திருந்தார்.

"அழுது முடிச்சிட்டு மெதுவாப் போ" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சன்னாசி பொழுது சாயும்வரை அழுதான். கருப்பசாமியும் கையை இறக்கவில்லை.

அந்தக் கோயிலில் சிலை கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள்.