காதில் விழுந்த நந்தவனம்

மதுரையைச் சுற்றிக்காட்டும் மரகதவல்லி தமிழில்தான் பேசுவாள். கம்பெனி இருவர் காதிலும் மாட்டிவிட்ட கருவி அதை விருந்தாளியின் மொழியிலும், விருந்தாளி பேசுவதைத் தமிழிலும் சொல்லும். அவள் சொன்னதையே சொல்கிறது என்றுதான் மூன்று வருடமாக நம்பியிருந்தாள்.

அரண்மனைக்குப் பின்னால் கார்கள் நின்ற திடலில், "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று டில்லிப் பெண்மணி கேட்டாள்.

"எங்க வீடுதான். உள்ள ஆளு இருக்கையிலயே இடிச்சாங்க. எங்க அம்மா செத்துப்போச்சு."

பெண்மணி முகம் மலர்ந்தாள். "ராணிகள் உலாவிய நந்தவனமா! என்ன அழகு!" என்று மரகதவல்லியின் காதில் ஒலித்தது.

மரகதவல்லி இரண்டு பேர் கருவிகளையும் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

"அம்மா! எங்க அம்மா செத்த இடம் இது!" என்று கத்தினாள்.

பெண்மணிக்கு ஒரே ஒரு சொல் புரிந்தது.

"அம்மா?" என்றவள், நின்ற இடத்தைவிட்டுச் சட்டென்று விலகினாள்.